சுவீப்பர் அல்லர்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் கண்ணை மூடினால் முதல் அழைப்பு இறுதிச்சடங்கு மண்டபத்துக்குப் போகும், இரண்டாவது அழைப்பு சச்சிதானந்தன் மாஸ்ரருக்குப் போகும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு வேண்டுமே! கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. செத்தவரின் பிறப்பு, படிப்பு, உத்தியோகம், பிள்ளைகுட்டி எல்லாம் எழுதி, போன திதிக்கு ஒரு வெண்பாவும் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, சாப்பாட்டுக்கு முன் சபையில் வாசித்து, வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் செத்தவர் முழுசாகச் செத்ததாக எங்கள் சனம் ஒத்துக்கொள்ளாது.

மாஸ்ரர் இந்த ஊருக்கு வந்து முந்நூறுக்கு மேல் எழுதிவிட்டார். குடிகாரனை ‘நண்பர் குழாம் சூழ வாழ்ந்தவர்’ என்று எழுதத் தெரிந்தவர். வேலிச் சண்டையில் ஊரையே கோட்டுக்கு இழுத்தவரை ‘நீதிக்காக நின்றவர்’ என்று எழுதத் தெரிந்தவர். பொய்யும் எழுதமாட்டார், உண்மையும் எழுதமாட்டார். அதுதான் அவருடைய கெட்டித்தனம்.

அப்படிப்பட்ட மனிதரின் சொந்த அண்ணன் குலவீரசிங்கம், ரூஜ் பகுதியில் மகள் வீட்டில், எண்பத்தொன்பது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டார். மாஸ்ரருக்கு ஒருவரும் அழைப்பு எடுக்கவில்லை. டோர்செட் பார்க்கில் தன் பதினோராம் மாடி வீட்டில், காலைத் தேநீரோடு கைபேசியில் மரண அறிவித்தல்களைத் தள்ளிக்கொண்டு போனபோது படம் வந்து நின்றது. கீழே உறவு வரிசை. வதனியின் பாசமிகு தந்தையும், காலஞ்சென்ற தவமணியின் அன்புச் சகோதரரும், ஜனார்த்தனின் அருமை மாமாவும் ஆவார். அவ்வளவுதான்.

மூன்றுதரம் வாசித்தார். சச்சிதானந்தன் என்ற பெயர் இல்லை. மரண அறிவித்தலில் பெயர் விடுபடுவது எங்கள் சனத்துக்கு லேசான காரியமா? இருக்கிற ஆளை உயிரோடு தண்ணீர் தெளித்து விட்ட மாதிரி. ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட என்ன முகம் இருக்கிறது? அந்த உறவை வெட்டியது அண்ணன் வீட்டார் அல்ல, அறுபத்து மூன்று வருடத்துக்கு முன் அவரே தன் கையால் எழுதி வெட்டியது. சடங்குக்குப் போனார். கடைசி வரிசையில் இருந்துவிட்டு, பெட்டிக்குக் கிட்டப் போகாமல் பஸ் ஏறி வந்துவிட்டார்.

ஒரே நகரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். நேருக்கு நேர் கண்டது ஒரே ஒருதரம். தமிழ்க் கடையில், மரக்கறிப் பக்கம். அண்ணன் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார், ஏதோ ஒன்றைக் கேட்கக் காத்திருப்பவர்போல. மாஸ்ரர் திரும்பி முருங்கைக்காயை முறித்துப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஒரே முருங்கைக்காயை முறித்தார். திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை.

பத்தாம் நாள் கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், கையில் ஒரு பிளாஸ்ரிக் பை.

"அங்கிள், நான் வதனி. குலவீரசிங்கத்தின்ர மகள்."

அங்கிள்! தகப்பனின் தம்பியைச் சித்தப்பா என்று கூப்பிட எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இவளோ பஸ்சில் பக்கத்தில் இருக்கிற கிழவனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். அதுவும் நியாயம்தான்.

"அறிவித்தலில உங்கட பேரை விட்டது நான்தான்," என்றாள், இருக்கச் சொல்லுமுன்பே. "அப்பா போடு எண்டும் சொல்லேல்லை, விடு எண்டும் சொல்லேல்லை. கல்வெட்டை நீங்கள்தான் எழுத வேணும். எழுதினதைப் பாத்திட்டு, சகோதரர் வரிசையில உங்கட பேர் வருமோ இல்லையோ எண்டு முடிவெடுப்பன். எனக்கு ஒளிச்சுக் கதைக்கத் தெரியாது."

"என்னை ஏன் பிள்ளை எழுதச் சொல்லுறீர்?"

"அப்பாவின்ர சின்ன வயசு தெரிஞ்ச ஆள் இனி நீங்கள் மட்டும்தான். பிறகு, நீங்கள் எழுதின கல்வெட்டெல்லாம் அவர் சேர்த்து வைச்சிருந்தவர். ஆரின்ர அந்தியேட்டிக்குப் போனாலும் கொண்டந்திடுவார். ‘சச்சி நல்லா எழுதுவான். செத்தவைக்கு மட்டும்தான் நல்லா எழுதுவான்’ எண்டு சொல்லுவார்."

மாஸ்ரருக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனின் வாய் கடைசிவரைக்கும் மாறவே இல்லை.

பைக்குள் ஒரு கடற்படைச் சேவைப் புத்தகம், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஏழு தாள்கள், ஒரு பழைய நீலக் கடித உறை. "கடிதத்தைக் கடைசியாப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடியாமல் வதனி போய்விட்டாள்.

ஏழு தாளும் ஒரு கப்பலின் சேவை வரலாறு. அண்ணன் எழுபது வயதுக்குப் பிறகு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டு எடுத்தது. கப்பலின் பெயர் கிறே ஹெரன், சாம்பல் நாரை. பிறந்த இடத்தைக் கண்டதும் மாஸ்ரர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். 1944, ரொறன்ரோ! இப்போது கண்ணாடி மாடிகள் நிற்கிற இதே ஏரிக்கரையில் கட்டியிருக்கிறார்கள். ஏரி உறையமுன் சென் லோரன்ஸ் ஆற்றால் கடலுக்கு இறங்கியிருக்கிறது.

எதிரி கடலுக்குள் கட்டிவைத்த கண்ணிவெடிகளை அகற்றுவது, கடற்படைப் பேச்சில் ‘கூட்டுவது’, அதன் வேலை. பின்தளத்திலிருந்து நீளமான கம்பிவடத்தைத் தண்ணீருக்குள் விட்டு இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கம்பி, வெடியைக் கடலடியோடு பிணைத்திருக்கும் வடத்தை அறுக்கும். வெடி மிதந்து மேலே வர, தூர நின்று துவக்கால் சுட்டு வெடிக்கவைப்பார்கள். கப்பல்கள் சாய்வாக வரிசை பிடித்துப் போகும். ஒன்று கூட்டிய தண்ணீருக்குள்தான் அடுத்தது வரும். முதல் கப்பலுக்கு முன்னால் மட்டும் கூட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லை. கிறே ஹெரன் பதினெட்டுத் தடவை முதலாவதாகப் போயிருக்கிறது. ஒல்லாந்துக் கரையில் ஒரே காலையில் முப்பத்தொரு வெடி. பக்கத்தில் வந்த கப்பல் ஒன்று அன்றைக்கு மூழ்கியது, பதினேழு பேர் செத்தார்கள். பிறகு சுயஸ் கடந்து மலாக்கா நீரிணை, பினாங்கு. போர் முடிந்து ஒரு வருடம் கழிந்தும் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சமாதானம் வந்த கதை கடலுக்குள் கிடந்த வெடிகளுக்குத் தெரியாதே.

1950இல் கப்பல் இலங்கைக்குக் கைமாறியது. ஒரு பழைய ராசாவின் பெயரைச் சூட்டித் திருகோணமலையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1954இல் பத்தொன்பது வயதுக் குலவீரசிங்கம் அதில் ஏறினார். பின்தளத்தில், அந்தக் கம்பிவடத்தடியில் ஒன்பது வருடம். ஏழாம் தாளின் அடியில் ஒரு குறிப்பு. கண்ணிவெடிக் கப்பலை ‘மைன்சுவீப்பர்’ என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை, மாலுமிகளின் வாயில் அது ‘சுவீப்பர்’ மட்டும்தான். ‘அவன் சுவீப்பரில் இருக்கிறான்’ என்றால் அந்த வகைக் கப்பலில் இருக்கிறான் என்று அர்த்தம்.

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார். அட கடவுளே, அது கப்பலா!

1961இல் அக்கா தவமணிக்குச் சாவகச்சேரியில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூத்தவனைப்பற்றி விசாரிக்க, திருகோணமலையில் இருந்த தங்கள் ஆளுக்கு எழுதினார்கள். அஞ்சலட்டையில் மறுமொழி வந்தது. ‘அண்ணர் சுவீப்பரில் இருக்கிறார்.’ எங்கள் பக்கத்தில் சுவீப்பர் என்றால் ஒரே அர்த்தம்தான். தெருக்கூட்டி, கக்கூசு வாளி தூக்குகிற ஆள். அவர்களை எங்கள் சனம் எந்த வாசலில் நிறுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை. சீருடையோடு வந்து நின்ற பிள்ளையல்லவா என்று யாராவது யோசித்தார்களா? ‘சீருடை எல்லாருக்கும்தானே குடுப்பாங்கள்’ என்றார்கள். போதாக்குறைக்கு அண்ணனே முன்பொரு கடிதத்தில் பகிடியாக எழுதியிருந்தார், ‘எங்களுக்கு இஞ்ச கூட்டுற வேலைதான்’ என்று. பகிடி விளங்குகிற வீடா அது? சம்பந்தம் குழம்பியது. நாலு வருடத்தில் அக்கா வேறொருவரைக் கட்டிச் சந்தோசமாகத்தான் வாழ்ந்தார், ஆனால் அண்ணன் பிறகு வீட்டு வேலியின் படலைக் கதவைத் திறந்து வரவில்லை.

வரவேண்டாம் என்று எழுதிய கடிதம்தான் அந்த நீல உறைக்குள் இருந்தது. பதினெட்டு வயதுச் சச்சியின் முத்தான எழுத்து. ‘இனி இஞ்ச வரவேண்டாமெண்டு எழுது’ என்று மட்டும்தான் தகப்பன் சொன்னார். அது ஒரு வரி. தமிழ்ப் பாடத்தில் பரிசு வாங்கிய சச்சிக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருக்கவில்லை. தன்பாட்டில் ஒன்று சேர்த்தான். ‘விளக்குமாறு பிடித்த கையால் எங்கள் படலையைத் தொட வேண்டாம்.’ எழுதிவிட்டு, நல்ல வசனம் என்று தானே மெச்சியதும் மாஸ்ரருக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த மெச்சலைத்தான் இன்றுவரை அவரால் மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் மனித மனத்தைப் பாருங்கள். தாள்களை வாசித்த அன்றைக்கு அவருக்கு முதலில் வந்தது சந்தோசம். அண்ணன் சுவீப்பர் இல்லை! எல்லாம் ஒரு சொல்லால் வந்த பிழை! மூன்று நாளில் கல்வெட்டை எழுதி முடித்தார். கப்பலின் வரலாறு முழுவதையும் நல்ல தமிழில் இறக்கினார். நடுவில் ஒரு வசனத்தைத் தடித்த எழுத்தில் வைத்தார். ‘சிலர் அறியாமையால் எண்ணியதுபோல் இவர் சுவீப்பர் அல்லர், ஆழ்கடலில் கண்ணிவெடி அகற்றிய வீரர்.’ வதனிக்கும், தவமணியின் மகன் ஜனார்த்தனுக்கும் அனுப்பினார்.

பிறம்ரனில் லொறிக் கொம்பனி வைத்திருக்கும் ஜனார்த்தன் உடனே அழைப்பு எடுத்தான். "மாமா, அந்த ‘அல்லர்’ வசனம் சோக்கா இருக்கு. இன்னும் பெருசாப் போடுங்கோ. அட்சயாவின்ர மாப்பிள்ளை பகுதி அந்தியேட்டிக்கு வருகினம். தாய்க்காரிக்கு அந்தப் பழைய கதை எங்கயோ காதில விழுந்திருக்கு. சாடைமாடையாக் கேட்டவ. இதோட அது முடியட்டும்."

அட்சயா அவனுடைய மூத்த மகள். சம்பந்தம் பேசி, நாள் வைக்கிற நேரம். எந்த நாட்டுக்கு வந்தால் என்ன, ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அடுத்த நாள் வதனி வந்தாள். அச்செடுத்த தாளை மேசையில் வைத்தாள். ‘அல்லர்’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இது நிக்குமெண்டா உங்கட பேர் வராது, அங்கிள்."

"ஏன் பிள்ளை? உம்மட அப்பாவின்ர மானத்தைக் காப்பாத்தத்தானே எழுதினனான்! நாங்கள் தெரியாமச் செய்த பிழை எண்டு..."

"அப்பாவுக்குத் தெரியும்," என்றாள் அவள். "உங்கட கடிதம் வந்த அண்டைக்கே என்ன நடந்ததெண்டு விளங்கிட்டுதாம். ‘மைன்’ எண்ட ஒரு சொல்லு. ஒரு தந்தி அடிச்சா முடிஞ்சுது. அவர் அடிக்கேல்லை."

மாஸ்ரர் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார்.

"துறைமுகத்தில மாடசாமி எண்டு ஒருத்தர் இருந்தவராம். மெய்யான சுவீப்பர். அப்பா நெருப்புக்காய்ச்சலில கிடந்த மூண்டு கிழமையும் பீ மூத்திரம் எடுத்துப் பாத்தது அவர்தான். படுக்கையில இருந்துதான் அப்பா உங்கட கடிதத்தை வாசிச்சவர். வாசிச்சுப்போட்டு நிமிந்தா, மாடசாமி கஞ்சிக் கோப்பையோட நிக்கிறாராம். ‘அந்த மனிசனுக்கு முன்னால இருந்துகொண்டு, ஐயோ நான் இவரை மாதிரி ஆள் இல்லை, என்னை வீட்டுக்குள்ள விடுங்கோ எண்டு என்னெண்டு எழுதுறது?’ எண்டு அப்பா கேப்பார்."

அவள் மேசையில் கிடந்த நீல உறையைத் தொட்டாள்.

"‘நான் மெய்யாவே கூட்டினவனா இருந்தா சச்சிக்கு அண்ணன் இல்லையோ? அதுக்கு அவன் மறுமொழி சொல்லட்டும், நான் படலையைத் திறந்துகொண்டு வாறன்’ எண்டு சொல்லுவார். சாகும்வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தவர், அங்கிள்."

முருங்கைக்காய்க் கடை மாஸ்ரரின் கண்ணுக்கு முன்னால் வந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் நின்ற அந்த நிலை. அவர் விளக்கம் சொல்ல நிற்கவில்லை, மறுமொழி கேட்க நின்றிருக்கிறார். மாஸ்ரர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். எண்பத்தொரு வயதில், அண்ணன் மகளுக்கு முன்னால், வெட்கம் பாராமல் அழுதார். அவள் ஆறுதல் சொல்லவில்லை. ஆனால் போகவுமில்லை, அழுது முடியும்வரை இருந்தாள்.

அவள் போனபிறகு தன் கைகளைப் பார்த்தார். கனடாவுக்கு வந்த புதிதில் நகர நடுவில் நாற்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் ஒன்பது வருடம் கூட்டித் துடைத்த கைகள். மாஸ்ரர் என்று அங்கே யார் கூப்பிட்டார்கள்? அந்த ஒன்பது வருடமும் தும்புத்தடி என்கிற விளக்குமாற்றைத் தொடும்போதெல்லாம் அந்த வசனம் ஞாபகத்துக்கு வரும். வந்தும் என்ன? அண்ணனின் கதவைப் போய்த் தட்டினாரா? இல்லையே! செத்தவைக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

‘அல்லர்’ வசனத்தை முழுசாக வெட்டினார். வெட்டியது போதாது என்று தோன்றியது. கப்பலின் வரலாறு முடிகிற இடத்தில், அலங்காரம் இல்லாமல் நாலு வரி எழுதினார். அஞ்சலட்டை, சம்பந்தம், கடிதம். ‘வரவேண்டாம் என்பது தந்தையின் சொல். விளக்குமாறு பிடித்த கையால் படலையைத் தொட வேண்டாம் என்பது என் சொல். எழுதியவன் சச்சிதானந்தன்.’ வதனிக்கு அனுப்பும்போது ஒரு குறிப்பும் வைத்தார். ‘வரிசையில் என் பெயரைப் போடாவிட்டாலும் இதைப் போடும்.’

ஜனார்த்தன் அழைப்பில் துள்ளினான். "மாமா, உங்களுக்கென்ன விசரோ? பிள்ளையின்ர கலியாணத்தில மண் போடப்போறியள்! ஒரே ஒரு சொல்லைத் திருப்பிப் போடுங்கோ எண்டுதானே கேக்கிறன்?"

"அண்டைக்கும் ஒரு சொல்லுத்தான், தம்பி," என்றார் மாஸ்ரர்.

அந்தியேட்டி மண்டபத்தில் இருநூறு பேர். மேடையில் மாலைபோட்ட படம், குத்துவிளக்கு, சமையலறைப் பக்கமிருந்து சாம்பார் வாசம். அச்சான கல்வெட்டு மாஸ்ரரின் கையில் அப்போதுதான் கிடைத்தது. வதனி ஒலிவாங்கியைப் பிடித்தாள். "இப்ப அப்பாவின்ர தம்பி கல்வெட்டு வாசிப்பார்," என்றாள். அங்கிள் என்று சொல்லவில்லை.

அவர் வாசித்தார். உறவு வரிசை வந்தது. ‘வதனியின் பாசமிகு தந்தையும், காலஞ்சென்ற தவமணியின் அன்புச் சகோதரரும், சச்சிதானந்தனின் அண்ணனும்...’ மற்ற எல்லாருக்கும் அன்பும் பாசமும் அருமையும் முன்னால் நின்றன. அவருடைய இடத்தில் மட்டும் வெறும் ‘அண்ணன்’. முந்நூறு கல்வெட்டு எழுதியவருக்கு அது அச்சுப்பிழை அல்ல என்று தெரியும். சரியான தமிழ் என்றும் தெரியும். அச்சில் இருந்தபடியே வாசித்தார்.

கப்பலை வாசித்தார். ரொறன்ரோவில் கட்டியதென்று கேட்டதும் சனம் நிமிர்ந்து இருந்தது. பிறகு அந்த நாலு வரி. முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய் புனிதவதி பக்கத்தில் இருந்தவரின் காதுக்குள் ஏதோ சொன்னார். அவ்வளவுதான், ஜனார்த்தன் பாய்ந்து மேடைக்கு வந்து ஒலிவாங்கியை வாங்கினான்.

"மாமா சொல்ல வந்தது என்னெண்டா, பெரியமாமா மைன்சுவீப்பர். கடற்படைக் கப்பல். மற்றச் சுவீப்பர் இல்லை. ஒருத்தரும் பிழையா விளங்கவேண்டாம்."

மாஸ்ரர் கை நீட்டி ஒலிவாங்கியைத் திருப்பி எடுத்தார்.

"பிழையா விளங்கினாலும் விளங்கட்டும்," என்றார். "கடலைக் கூட்டினாலும் சரி, கக்கூசைக் கூட்டினாலும் சரி, அவர் என்ர அண்ணன். நானும் இந்த ஊரில ஒன்பது வருசம் கூட்டினவன். இந்த நாட்டுக்கு வந்து தும்புத்தடி பிடியாத கை இந்தச் சபையில இருந்தாத் தூக்குங்கோ, பாப்பம்."

ஒரு கையும் எழும்பவில்லை. புனிதவதி தன் இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்தபடி இருந்தார். ஜனார்த்தன் தலையைக் குனிந்துகொண்டு மேடையை விட்டு இறங்கினான்.

மாஸ்ரர் கல்வெட்டை மூடினார். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படத்தின் பக்கம் திரும்பினார். ஒலிவாங்கி கையில் இருந்ததை மறந்துவிட்டார், அதனால் அவர் மெல்லச் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அண்ணை, மறுமொழி பிந்திப்போச்சு. படலை திறந்துதான் கிடக்கு, வாங்கோ."